ராத்திரி மேய்ச்சல்

பதினொன்றாம் வகுப்புக்கு இயக்கவியல் ஆரம்பிக்கிற வாரம் நான் சாக்பீஸைத் தொடுவதில்லை. எல்லாரையும் ஹைடெக் லேபில் உட்காரவைத்து ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுவிடுவேன். கோட்டு சூட்டு போட்ட இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் நேராக நிற்கிறார், இன்னொருவர் தலைகீழாக. நீதான் தலைகீழ், இல்லை நீதான் என்று அவர்களுக்குள் வாக்குவாதம். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன வருஷம் முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை சிரிக்காமல் கேட்டாள்: “சார், அப்போ கேமரா எப்படி சார் நின்னுச்சு?” குறிப்பாயம், அதாவது எங்கே நின்று பார்த்து அசைவை அளக்கிறோம் என்ற பாடமே அந்தக் கேள்விதான். அதற்குமேல் நான் நடத்த வேண்டியது கொஞ்சம்தான்.

படத்தின் பெயர் ‘ஃபிரேம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’. 1960இல் எடுத்தது. நடிப்பவர்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்து இயற்பியல்காரர்களான பேட்டர்சன் ஹியூமும் டொனால்ட் ஐவியும். அமெரிக்காவில் பள்ளி இயற்பியலையே மாற்றி எழுத வேண்டும் என்று 1956இல் எம்.ஐ.டி.யில் ஒரு குழு போட்டார்கள். மறுவருஷம் ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை மேலே ஏற்றியதும் அந்த வேலைக்குப் பணம் கொட்டியது. அந்தக் குழு எடுத்த படங்களில் ஒன்றுதான் இது. ஓடுகிற வண்டியிலிருந்து இரும்புக் குண்டை விடுகிறார்கள். வண்டியோடு போகும் கேமராவுக்கு அது நேராகக் கீழே விழுகிறது, தரையில் நிற்கும் கேமராவுக்கு வளைந்து விழுகிறது. குண்டு ஒன்றுதான், பாதை இரண்டு. இதையே நான் போர்டில் வரைந்தால் எட்டாவது நிமிஷம் பின் பெஞ்சு தூங்கிவிடும்.

ஆங்கிலப் படமாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே கதை சொல்லிவிடுவேன். மௌனப்பட காலத்தில் நம்மூரில் இதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். அந்த வம்சாவளி நான் என்று ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொள்வதுண்டு. யாரும் மறுத்ததில்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை.

இந்தப் படம் கிடைத்தது இன்டர்நெட் ஆர்க்கைவில். புரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தது. புத்தகம், படம், பாட்டு, பழைய வலைப்பக்கம் எல்லாம் ஒரே கிடங்கில் கிடக்கும். பெரும்பாலானவர்கள் ஒரு புத்தகத்தின் பெயரைப் போட்டு, இறக்கிக்கொண்டு, வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி முடியாது. வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு ஒரு பக்கமாக நுழைந்தால் எங்கே வெளியே வருவேன் என்று சொல்ல முடியாது.

ஹியூம், ஐவியைப் பார்த்த கையோடு பிரெலிங்கர் தொகுப்புக்குள் போனேன். ரிக் பிரெலிங்கர் சேர்த்தது. யாரும் சேர்த்துவைக்க நினைக்காத படங்களாகப் பொறுக்கியிருக்கிறார் மனுஷன்: கம்பெனி விளம்பரம், பள்ளிக்கூடத்தில் ‘சாப்பாட்டு மேஜையில் எப்படி நடந்துகொள்வது’ வகைப் படம், வீட்டுக் கேமராவில் எடுத்தது. அதில் 1906இல் சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் எடுத்த ஒன்று உண்டு. டிராம் வண்டியின் முன்னால் கேமராவைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் கதை. குதிரை வண்டி, கார், சைக்கிள், குறுக்கே ஓடும் பையன் எல்லாம் நம்மைப் பார்த்து வருகின்றன. ஒழுங்காகக் கவனித்தால் அதே கார்கள் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது தெரியும். தெரு பரபரப்பாக இருக்கட்டும் என்று ஓட்டவிட்டிருக்கிறார்கள் போல. வெகுகாலம் இதை 1905 என்று குறித்து வைத்திருந்தார்கள். டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாளர், கார்களின் நம்பர் பிளேட்டையும் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரையும் வைத்துத் துருவி, அந்த ஊரையே சிதைத்த 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குச் சில நாட்கள் முன்னால் எடுத்தது என்று நிறுவினார். அதற்கப்புறம் அந்தக் குறுக்கே ஓடும் பையனை அதே மாதிரி பார்க்க முடிவதில்லை.

படங்களுக்கு இப்படி லேபிளைத் திருத்த ஆள் கிடைக்கிறார்கள். நம் தமிழ்ப் புத்தகங்களுக்குத்தான் நாதியில்லை. அதே ஆர்க்கைவில் நூலகங்களிலிருந்து ஸ்கேன் செய்த இந்தியப் புத்தகங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் இந்திய மின்நூலகத் திட்டம் என்று ஆரம்பித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முன்னின்று செய்த வேலை. அன்றைக்கு அந்தத் தளத்தில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்துதான் படிக்க வேண்டும், அதற்கும் தனியாக ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டும். பிறகு பதிப்புரிமைத் தகராறில் தளமே போய்விட்டது. அதற்குள் கார்ல் மாலமுட் என்ற அமெரிக்கர் பெரும்பகுதியை ஆர்க்கைவுக்கு ஏற்றிவிட்டதால் பிழைத்தது. நம் நூலகப் புத்தகத்தைக் காப்பாற்ற அங்கிருந்து ஒருத்தர் வரவேண்டியிருக்கிறது, என்னத்தைச் சொல்ல.

சிக்கல் தலைப்பில். தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், யாருக்கு எப்படித் தோன்றியதோ அப்படித் தட்டியிருக்கிறார்கள். ‘விஞ்ஞானம்’ என்று தேடவேண்டுமானால் ‘ஞ்ஞ’வுக்கு ‘என் ஜே’ போட்டுப் பார்க்க வேண்டும், ‘என் என் ஒய்’ போட்டுப் பார்க்க வேண்டும், ‘ஜி என்’னும் போட்டுப் பார்க்க வேண்டும். ‘ழ’ வந்துவிட்டால் இன்னும் மோசம். ஆசிரியர் பெயர் இருக்கிற இடத்தில் பதிப்பாளர் பெயர் இருக்கும். உள்ளே போனால் ஒரு பக்கம் தலைகீழ், ஒரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல். மூலையில் ஏதோ ஒரு ஊர் நூலகத்தின் ஊதா முத்திரை. எனக்கு இதில் எரிச்சல் பாதி, சந்தோஷம் பாதி. தப்பாகத் தட்டிய தலைப்பால்தான் நான் தேடாத புத்தகம் என் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு தடவை வெப்பவியல் தேடிப்போய் பழைய சமையல் புத்தகம் ஒன்றில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். விறகடுப்பில் தீயை ஏற்றவும் இறக்கவும் அதில் சொல்லியிருந்த அளவுக்கு நம் பாடப்புத்தகம் வெப்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒழுங்காக அடுக்கிய இடத்தில் மேயவேண்டும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகம். கலைக்களஞ்சியம் மொத்தமும் அங்கே இருக்கிறது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, முதல் தொகுதி 1954இல் வந்து, பத்தாவது தொகுதி 1968இல் முடிந்தது. அணுவைத் தேடிப்போனால் அதற்கு முன்னாலேயே அணில் வழிமறிக்கும். அகரவரிசையின் அருமை அதுதான். தேடல் பெட்டியில் ‘அணு’ என்று தட்டினால் அணு மட்டும்தான் வரும், அணில் வராது. எங்கள் பிள்ளைகளுக்கு அணிலைச் சந்திக்கும் வாய்ப்பே குறைந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் மாஸ்கோ புத்தகங்கள், சோவியத் ரஷ்யாவில் தமிழிலேயே அச்சாகி இங்கே வந்தவை. என் வயசுக்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், விலை சில ரூபாய்தான். இயற்பியலை விளையாட்டாகச் சொன்ன ரஷ்ய எழுத்தாளர் யாக்கவ் பெரல்மானை நான் அப்படித்தான் தமிழில் படித்தேன். 1942இல் லெனின்கிராடு முற்றுகையின் பட்டினியில் செத்துப்போன மனிதர் அவர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். ஒருவர் வருஷக்கணக்காக மாஸ்கோவின் மீர் பதிப்பகப் புத்தகங்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து ஏற்றிவருகிறார், பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்புகள். அவர் ஏற்றியதில் பெரல்மானை மறுபடியும் பிடித்தேன். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்: சூரியனைச் சுற்றி நாம் வேகமாகப் போவது பகலிலா, ராத்திரியிலா?

வகுப்பில் கேட்டுப்பாருங்கள். பாதிப் பேர் ரெண்டும் ஒன்றுதான் சார் என்பார்கள். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதோடு தன்னைத்தானேயும் சுற்றுகிறது, நிலநடுக்கோட்டில் நொடிக்கு அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடு ராத்திரியில் இரண்டு வேகமும் ஒரே திசை, கூட்டவேண்டும். நடுப்பகலில் எதிரெதிர், கழிக்கவேண்டும். ஆக ராத்திரியில்தான் வேகம். ஹியூமும் ஐவியும் வண்டியை வைத்துச் சொன்னதைப் பெரல்மான் பூமியையே வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒன்று கனடாக்காரர்கள் நடித்த படம், இன்னொன்று ரஷ்யப் புத்தகம். எந்தப் பாடத்திட்டமும் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்காது. மேய்ந்தால்தான் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் புத்தகம் பொதுச்சொத்து. படத்துக்கு வெளியானதிலிருந்து 60. அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கியவை தனி. எதையும் இறக்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ‘ஆன்லைன்ல இருக்கே சார்’ என்பது சட்டமல்ல.

இனி நான் அதிகம் போகிற இடம்: அரவிந்த் குப்தாவின் பக்கம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, லாரி கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர், 1978இல் ஒரு வருஷம் லீவு போட்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே செய்ததுதான் தீக்குச்சி மெக்கானோ. வால்டியூபை, அதாவது சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாயை, சின்னச் சின்னதாக நறுக்கி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். சதுரம் செய்து அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. பாலத்தில் ஏன் அத்தனை முக்கோணம் என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கழிவுப் பொருளில் செய்யும் பொம்மைகளுக்குத் தமிழில் பேசிய படங்களும் அங்கே இருக்கின்றன.

இந்த ஒரு விஷயத்தில் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு யோகம். மற்ற ஊர்க்காரர்கள் குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். எங்களுக்கு மருந்து முக்காத குச்சியே மூட்டையாகக் கிடைக்கும். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய் நின்றால், “பிள்ளைகளுக்கா சார்? அதுக்கு எதுக்குக் காசு, அள்ளிட்டுப் போங்க” என்பார். அந்த வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் அதே குச்சியைத் தினமும் கட்டையில் அடுக்குகிறவர்கள். எண்முகி செய்யும்போது எங்கள் பிள்ளைகளின் விரல் போகிற வேகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்.

கடைசியாக ஃபெட். நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கணினியில் செய்துபார்க்கும் சோதனைகள், நிறைய தமிழிலும் உண்டு. மின்சுற்று கட்டும் சோதனையைத் திறந்துகொடுத்தால் பல்பு எரியவைத்து, அம்மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள் என்று நினைப்பீர்கள். ஒருத்தனும் செய்யமாட்டான். பாட்டரியின் இரண்டு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். குறுக்குச்சுற்றுக்கு நான் தனியாகப் பாடம் எடுப்பதில்லை. இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். எங்கள் பள்ளியில் நெட்டை நம்பி வகுப்புக்குப் போவது பஸ்ஸை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி, எப்போதும் பென் டிரைவ்தான்.

இந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு மெக்கானோ. குச்சி ஒரு சாக்கு வீட்டில் கிடக்கிறது. வால்டியூப்தான் திண்டாட்டம். கியர் சைக்கிள் வந்தபிறகு எங்கள் பஜார் கடைகளில் கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மீட்டர் கணக்கில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திருநெல்வேலி, மதுரை எங்கேயானாலும் போய் வாங்கிக்கொள்கிறேன்.