ஆறு எண் இல்லாத ரிப்போர்ட்டை நம்பி வாங்கிய ஆர்எக்ஸ்-8

பேரம், பணம், பெயர் மாற்றம் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. வினை அதற்குப் பிறகுதான். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிற வண்டி, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறவிட்டால் பிடித்துவிடும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கே இது தெரியும்: என்ஜினுக்குள் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் தேய்ந்து, கம்ப்ரெஷன் (உள்ளே காற்று நெருக்கப்படும் அழுத்தம்) இறங்கியதற்கான அறிகுறி. எனக்கும் தெரியும். ஆனால் 'கம்ப்ரெஷன் நார்மல்' என்று ஒரு ரிப்போர்ட் கையில் இருந்ததே!

இந்தக் காரில் இருப்பது ரோட்டரி என்ஜின்; பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுழலும். அந்த ரிப்போர்ட்டில் இருந்தவை இரண்டே எண்கள். முன் ரோட்டருக்கு ஒன்று, பின் ரோட்டருக்கு ஒன்று. ஏமாந்தது இங்கேதான். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்கள் வர வேண்டும். பிஸ்டன் என்ஜினின் அழுத்தத்தை அளக்கும் சாதாரண கேஜில் ஒருவழி வால்வு இருக்கும்; வந்த அழுத்தங்களில் உயர்ந்ததை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று முகங்களில் இரண்டு செத்துக் கிடந்தாலும், மூன்றாவது நன்றாக இருந்தால் கேஜ் நல்ல எண்ணைத்தான் காட்டும். ஒர்க்‌ஷாப்பில் இதைக் கேட்டபோது, "கேஜ் எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தது.

ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்ட்டர் வைத்திருக்கும் இடத்தைத் தேடிப் போனேன். முதல் நடை வீண். காத்திருந்த நேரத்தில் என்ஜின் ஆறிவிட்டது, பேட்டரியும் பலவீனம். அந்த நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. என்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு சுற்ற வேண்டும். அப்படி மிதித்தால் எரிபொருள் நின்றுவிடும். இதையெல்லாம் போவதற்கு முன்பே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நடையில் பின் ரோட்டர் காட்டியது 7.1, 7.0, 5.4. பழைய கேஜ் இதில் 7.1-ஐ மட்டும்தான் சொல்லியிருக்கும். கம்பெனி வரம்பு, நிமிடத்துக்கு 250 சுற்றில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 6.9 கிலோ. ஒரே ரோட்டரின் முகங்களுக்கு இடையே 1.5-க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1.0-க்கு மேலும் வித்தியாசம் கூடாது.

அந்த 250 என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் எண்ணும் ஏறும். எனவே எந்த வேகத்தில் எடுத்தது, 250-க்குத் திருத்தியதா என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். பிந்தைய கார்களுக்கு வந்த வேகமான ஸ்டார்ட்டரைப் பழைய காரில் மாட்டினால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத தொல்லை கொஞ்ச நாள் மறைந்திருக்கும். பழைய காரில் பளபளவென்று புது ஸ்டார்ட்டர் இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டெஸ்ட்டரே கிடைக்காத இடத்தில், சாதாரண கேஜின் வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு, முள் துள்ளுவதை வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். துல்லியமான எண் வராது. ஆனால் ஒரு முகம் செத்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இனி செலவு. இந்தக் காரில் சின்ன செலவைத் தள்ளிப்போட்டால் பெரிய செலவு வந்து நிற்கும். பிளக்குகளுக்குப் பொறி மின்சாரம் கொடுக்க நான்கு இக்னிஷன் காயில்கள் உண்டு. அவை வருடக்கணக்கில் உழைக்கிற ரகம் இல்லை. காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைக்கும். வெளியேற வழியில்லாத சூடு திரும்பி என்ஜினையே தாக்கும். கன்வெர்ட்டரின் விலைக்கு முன்னால் காயில் செட்டின் விலை ஒன்றுமே இல்லை. நான்கு காயில், நான்கு பிளக், ஒயர்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். பிளக்கில் லீடிங் (முதலில் பொறி விடுவது) வேறு, டிரெய்லிங் (அடுத்து விடுவது) வேறு: என்ஜிகே கம்பெனி பிளக் என்றால் ஆர்இ7சி-எல், ஆர்இ9பி-டி. நான்கையும் ஒரே ரகமாக வாங்கி வந்து இன்னொரு நடை அலையாதீர்கள். முன் இடது சக்கரத்தைக் கழற்றினால் பிளக்குகளுக்குக் கை நன்றாக எட்டும்.

ஆயில் குறைவது நோய் இல்லை. சீல்களுக்கு உயவு கொடுக்க ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கிற மாதிரிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். "ஒரு சொட்டு ஆயில் குடிக்காது" என்று விற்பவர் பெருமைப்பட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒரு தடவையாவது அளவுக்கோலைப் பாருங்கள்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டியை நாலடி நகர்த்திவிட்டு அணைக்கவே கூடாது. பெட்ரோல் சீல்களின் ஆயிலைக் கழுவிவிடும். அடுத்த தடவை பிடிக்காது. மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டியதுதான்.

சூடு காட்டும் முள்ளையும் நம்பாதீர்கள். நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும், அது நகரும்போது காரியம் கெட்டிருக்கும். காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்று மாட்டி டிகிரியிலேயே பாருங்கள்.

என்ஜினைப் பிரித்து மறுபடி கட்டும் ரீபில்டுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டேன். மிகக் குறைந்த விலையில் இருந்தது சீலும் கேஸ்கெட்டும் மட்டும். ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கின் உள் குரோம் பூச்சு உரிந்திருந்தால் புது சீல் அதன்மேல் வெகுநாள் தாங்காது. மறுபடி என்ஜினை இறக்க வேண்டும், கூலி இரட்டிப்பு. முழு ரீபில்ட் பல நேரம் காரின் விலையையே தாண்டிவிடும் என்பதால் இந்த இடத்தில் கறாராக இருங்கள். சீல், ஹவுசிங், பக்கவாட்டுத் தகடு மூன்றுக்கும் தனித்தனி வரியில் விலை வாங்குங்கள். என்ஜின் கீழே இருக்கும்போதே கிளட்சையும் என்ஜின் மவுன்ட்டையும் பார்த்துவிடுங்கள், அதற்கென்று தனியாக இறக்கும் கூலி மிச்சம்.

பிரித்த பிறகு ஹவுசிங்கை நேரில் காட்டச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தார்கள். "இரண்டு ஹவுசிங்கும் போச்சு" என்று பில்லில் எழுதியிருந்ததில் முன் ஹவுசிங்கின் பூச்சு முழுசாக இருந்தது. அந்த ஒரு வரி அடிபட்டது.