ஓவிய வகுப்பைக் கடன் கேட்காதீர்கள்

தேர்வு நெருங்கினால் பள்ளியில் முதலில் காணாமல் போவது ஓவிய வகுப்பும் பாட்டு வகுப்பும்தான். பாடம் முடியவில்லை, இந்த ஒரு பீரியடை மட்டும் கொடுங்கள் என்று கணக்கு ஆசிரியர் கேட்பார், கலை ஆசிரியரும் மறுக்க முடியாமல் கொடுத்துவிடுவார், அப்புறம் நிதி குறைகிற வருடம் அந்தப் பணியிடமே இருக்காது. அரசுப் பள்ளியில் இது நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சாயங்காலம் தனி வகுப்பு இருக்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை வண்ணத்தையும் வாத்தியத்தையும் தொட்டுப் பார்ப்பது பள்ளியில்தான், அங்கேயும் இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

படம் வரைந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் ஒரு நல்ல ஓவிய வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாற்காலியை வரையச் சொன்னால் பிள்ளை முதலில் தனக்குத் தெரிந்த நாற்காலியைத்தான் வரையும், நாலு காலும் ஒரே நீளத்தில், வரிசையாக. காலை விடு, கால்களுக்கு நடுவே தெரிகிற வெற்றிடத்தை மட்டும் வரை என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது, அழிக்கிறது, மறுபடி பார்க்கிறது. நினைத்துக்கொண்டிருப்பது வேறு, கண்ணெதிரே இருப்பது வேறு என்று அந்தப் பிள்ளைக்கு அப்போது புரிகிறது. அறிவியலுக்கும் இதுதானே அடிப்படை?

நாடகமும் அப்படித்தான். வாசிக்கத் திக்குகிற பிள்ளைக்கு நாலு வரி வசனம் கொடுத்துப் பாருங்கள், எங்கே நிறுத்துவது, இந்த ஆள் ஏன் கோபப்படுகிறான் என்று அதுவே கேட்க ஆரம்பிக்கும்.

ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பொதுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கூடுதல் கலை வகுப்புகள் எந்தப் பள்ளிகளுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 3 முதல் 8ஆம் வகுப்பு வரை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். முடிவுகள் 2019இல் வந்தன: கலை வகுப்பு கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைகள் குறைந்தன, எழுதும் திறனுக்கான தேர்வில் மதிப்பெண் கூடியது, பிறர் வலியை உணர்கிற மனமும் வளர்ந்தது.

ஆனாலும் மதிப்பெண்ணை மட்டும் காட்டிக் கலைக்காக வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மொசார்ட் இசை கேட்டால் குழந்தை புத்திசாலியாகும் என்று பரவிய பேச்சு, 1993இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சிறிய சோதனையிலிருந்து வந்தது, அதில் தெரிந்த பலனும் சில நிமிடங்களுக்குத்தான். கணக்குக்கு உதவும் என்று சொல்லிக் கலையை உள்ளே கொண்டுவந்தால், உதவவில்லை என்று ஒருநாள் வெளியேயும் தள்ளிவிடுவார்கள். கணக்கு ஏன் வேண்டும் என்று யாரும் பாட்டைக் காட்டி நிரூபிப்பதில்லையே. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 31ஆவது பிரிவில், கலை வாழ்வில் பங்கெடுப்பதைக் குழந்தையின் உரிமையாகவே சொல்கிறது, அதற்குச் சமமான வாய்ப்பு தர அரசுகள் முன்வர வேண்டும் என்றும் சொல்கிறது.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியர், யாரும் கடன் கேட்க முடியாத பீரியட், தீர்ந்தால் மறுபடி வாங்கித் தரக்கூடிய வண்ணமும் தாளும். இன்னொன்றும் உண்டு: ஆண்டு விழாவுக்கு நன்றாக ஆடுகிற பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுப்பது கலைக்கல்வி ஆகாது. கடைசி பெஞ்சில் இருக்கிற, கோடுகூட நேராக வராத பிள்ளைக்கும் வாரம் தவறாமல் அந்த வகுப்பு நடக்க வேண்டும்.