பெகி ஆஷ்கிராப்ட்

நிலா வெளிச்சத்தில் மசூதிக்குள் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. செருப்போடு வரக்கூடாது என்று டாக்டர் அஜீஸ் அதட்டுகிறார். அவரோ முன்பே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

இன்று ராத்திரி ‘எ பேசேஜ் டு இந்தியா’ படத்தில் இந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டதைச் சொல்லும்போது, அந்த மூதாட்டியாக நடித்த ஆங்கில நடிகை பெகி ஆஷ்கிராப்ட் முகத்தில் பெருமையும் இல்லை, பணிவைக் காட்டிக்கொள்ளும் பாவனையும் இல்லை. வேறெப்படி வருவார்கள் என்பது போல ஒரு பார்வை.

இந்தப் படத்துக்குத்தான் 77 வயதில் ஆஸ்கர் வாங்கினார்.

ஆனால் அவர் மேடையின் மனுஷி. 1930இல் லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம். கறுப்பினக் கலைஞர் பால் ராப்சனுக்கு ஜோடியாக டெஸ்டிமோனா வேஷம். அப்போது வயது 22. கறுப்பர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்ணை மேடையில் முத்தமிடலாமா என்று கேட்ட காலம். பெகிக்கு வசைக் கடிதங்கள் வந்தன.

அவர் விலகவில்லை. நடித்தார்.

அந்த மசூதிப் பார்வை வெறும் நடிப்புப் பயிற்சியில் வந்துவிடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் அந்த 22 வயதுப் பெண் நிற்கிறாள்.

1963இல் ஷேக்ஸ்பியரின் மார்கரெட் ராணியாக, இளம்பெண்ணிலிருந்து கிழவி வரைக்கும் ஒரே ஆளாக வாழ்ந்து காட்டினாராம். அதை நேரில் பார்த்தவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.