ஜிஜி பேசாமல் போனது

2025 ஜூன் 7, சனி

மகளோடு ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ பார்த்தேன். ஜப்பானியக் குரல், ஆங்கில சப்டைட்டில். மியாசாகி எடுத்து 1989ல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம். எனக்கு இன்றுதான் வாய்த்தது. 13 வயதானதும் மந்திரக்காரப் பெண் வேற்றூர் போய் ஓராண்டு தனியாகப் பிழைக்க வேண்டும், அதுதான் வழக்கம். இன்று இரவு வானம் தெளிவு என்று ரேடியோ சொன்னதுமே கிகி மூட்டை கட்டுகிறாள். அம்மாக்காரி தன் பழைய துடைப்பத்தைக் கொடுத்து அனுப்பும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மகளோ கிகியோடு பேசும் பூனை ஜிஜியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அடுத்த மாதம் 13.

ஜூன் 8, ஞாயிறு

அந்த மீன் ‘பை’யை (pie, மாவுக்குள் மீனை வைத்துச் சுடும் பலகாரம்) மறக்க முடியவில்லை. புது ஊரில் கிகிக்குப் பறந்துபோய்ப் பொருள் கொடுக்கும் வேலை. ஒரு பாட்டி தன் பேத்திக்கு அதை அனுப்ப நினைக்கிறாள். அந்தப் பாட்டி வீட்டில் மின் அடுப்பு வேலை செய்யவில்லை. கிகி பழைய விறகு அடுப்பை மூட்டி, கூடவே நின்று சுட்டு, கொட்டும் மழையில் நனைந்து கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பேத்தி கதவைத் திறந்து, இது எனக்குப் பிடிக்காது என்கிறாள். அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. வில்லன் என்று யாரும் இல்லாத படத்தில் இதைவிடக் கொடுமையான இடம் எனக்குத் தெரியவில்லை. பேத்தியையும் திட்ட முடியவில்லை. பாட்டி ஆசையாய்க் கட்டிக் கொடுத்த பலகாரத்தைப் பார்த்து நானும் முகம் சுளித்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி. கிகி கிளம்பியதும் இப்படியொரு இரவில்தான். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதும் அதே நினைப்பு: துடைப்பம் பறக்காமல் போவதற்கு முன்னாலேயே ஜிஜியின் பேச்சு அவளுக்குப் புரியாமல் போய்விடுகிறது. வெறும் மியாவ். பூனைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மகள் நினைத்தாள். எனக்கென்னவோ மாறியது கிகிதான் என்று படுகிறது.

காட்டில் குடியிருக்கும் ஓவியக்காரி உர்சுலா இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் சொல்வதில்லை. வரைய வராவிட்டால் வரைந்துகொண்டே இரு. அப்படியும் வரவில்லையா, விட்டுவிட்டு நட, தூங்கு, சும்மா இரு. கிகிக்கும் உர்சுலாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகாயாமா. தெரிந்த பிறகு அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டினேன். கிகி சில வருடம் கழித்துத் திரும்பி வந்து தன்னோடு தானே பேசுவது போல இருந்தது.

ஜூன் 14, சனி

டிஸ்னி 1998ல் வெளியிட்ட ஆங்கில டப்பிங் கிடைத்தது. கடைசியில் ஜிஜி மறுபடி பேசுகிறது! ஜப்பானிய மூலத்தில் கிகி திரும்பப் பறக்கிறாள், அதுவும் தெரு கூட்டுகிறவரிடம் கடன் வாங்கிய பிரஷ்ஷில். ஜிஜி தோளில் ஏறி மியாவ் என்கிறது, அவள் முகத்தை உரசுகிறாள். அங்கே பேச்சு எதற்கு?

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “பேசினாத்தாம்மா நல்லா இருக்கு” என்றாள். வாதாட வாயெடுத்தேன். அதற்குள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.