மதினியின் பித்தப்பை

ஜூன் 8, 2025, ஞாயிறு

மதியம் காதுகுத்து விருந்தில் பிரியாணி, ராத்திரி மிச்சமிருந்த சுக்கா. பதினொன்றரை மணிக்கு மதினி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வலது விலாவுக்குக் கீழே வலி. "வாயுதான்" என்றார் அண்ணன். ஓமத் தண்ணீர், ஜெலுசில், கோலி சோடா எல்லாம் ஆயிற்று. ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. எப்படிப் படுத்தாலும் குறையாமல், வலது தோள்பட்டையின் பின்பக்கம் ஏறியது. வாந்தி வேறு. மூன்று மணிக்குத் தானாக விட்டது. சித்திரையில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறமும் இப்படித்தான் வந்ததாம், இப்போதுதான் சொல்கிறார்.

ஜூன் 9, திங்கள்

டாக்டர் முதலில் எடுத்தது ஈசிஜி. மாரடைப்பும் சில பேருக்கு மேல்வயிற்று வலியாக வரும் என்றார். அதில் ஒன்றுமில்லை. அப்புறம் விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்றார். மதினி முழு மூச்சும் இழுத்தார். பித்தப்பை, அதாவது கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரை ஈரலுக்கு அடியில் சேர்த்துவைக்கும் பை, அழற்சியாகியிருந்தால் வலி தாங்காமல் பாதி மூச்சிலேயே நின்றிருக்குமாம். நாளைக் காலை வெறும் வயிற்றில் ஸ்கேன். சாப்பிட்டால் பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

பல கற்கள், பெரியது 9 மி.மீ. பையின் சுவர் தடிக்கவில்லை, குழாயில் அடைப்பில்லை, மஞ்சள் காமாலையும் இல்லை.

"சமீபத்துல எடை குறைச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் அண்ணன் மதினியைப் பார்த்தார். பொங்கலுக்கு அப்புறம் காலைச் சாப்பாட்டை விட்டு, மற்ற வேளைக்குக் கஞ்சியும் வெள்ளரிக்காயும் மட்டும். இரண்டு மாதத்தில் 14 கிலோ இறக்கினார். தெருவே பாராட்டியது. உடம்புக் கொழுப்பு வேகமாகக் கரையும்போது ஈரல் பித்தநீரில் கூடுதல் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. எண்ணெய்ப் பசையே இல்லாத சாப்பாட்டில் பைக்குச் சுருங்க வேலையில்லை. நீர் தேங்கி, கெட்டியாகி, கல்லாகிறது. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினாலே இந்த ஆபத்து கூடுமாம். பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெற்றவர்களுக்கு, ஏற்கெனவே வாய்ப்பு அதிகம். எடை குறைப்பது நல்லதுதான். மெதுவாக, வேளை தவறாமல் சாப்பிட்டுக் குறைக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெயும் வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

பக்கத்து வீட்டு ஆச்சி வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார். பாசம்தான், ஆனால் அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம். பித்தப்பை சிறுநீர் போகும் பாதையிலேயே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கல் விழும் என்று ஒரு வீடியோ வேறு சுற்றுகிறது. விழுவது குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாக மாறிய கட்டிகள்.

ஆபரேஷன் தேதி வரும்வரை பொரித்தது கிடையாது. குளிர்காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, வலி விடாமல் நீடிப்பது, இதில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும். கல் குழாயில் இறங்கினால் கணையம்கூட வீங்கிவிடும். இதை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

லேப்ராஸ்கோப்பி முடிந்தது. வயிற்றில் நான்கு சின்ன துளை. கல்லை மட்டும் எடுத்தால் திரும்ப உருவாகும், அதனால் பையையே எடுத்துவிடுகிறார்கள். இனி பித்தநீர் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போகும். கற்களை டப்பாவில் போட்டுக் காட்டினார்கள்: மஞ்சள் கலந்த பழுப்பு, ஒன்றோடொன்று உரசி உரசிப் பட்டை தீட்டியது போல. மதினி பார்க்க மறுத்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

மதினிக்கு இட்லி, ரசம் சாதம் எல்லாம் ஒத்துக்கொள்கிறது. எண்ணெய் கூடினால் வயிறு இளகுகிறது. சில வாரத்தில் பழகிவிடுமாம்.

பயந்துபோய் அண்ணனும் ஸ்கேன் எடுத்தார். அவருக்கும் ஒரு கல்! "வலியே வந்ததில்லையே, அப்படியே இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது கடைசிவரை சும்மாவே கிடக்கும்" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை, இன்னொரு டாக்டரிடம் போகலாமா என்கிறார். "முதல்ல ராத்திரி பத்து மணி பரோட்டாவை நிறுத்துங்க" என்று மதினி சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.