ரப்பர் பாட்டில்

ஒன்பதாம் வகுப்பில் நம் கணக்கு சார் மேசைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். உள்ளே முழுக்க ரப்பர். வாசனை ரப்பர், நுனி கடித்த ரப்பர், பாதியாக உடைத்துத் தம்பியோடு பங்கு போட்ட ரப்பர். எவன் நோட்டிலாவது அழித்த தடம் கண்ணில் பட்டால் அவனுடைய ரப்பர் பாட்டிலுக்குப் போய்விடும். "அழிச்சிட்டா தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு அப்புறம் எப்படிடா பார்ப்பே? அடிச்சிட்டுக் கீழே எழுது" என்பார். என்னுடையது ஜூன் மாதமே போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் பள்ளி மலருக்கு மலர்க்குழு நண்பர் கட்டுரை கேட்டபோது ஆண்டு விழா நாடகம் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதை எழுத ஆள் இருக்கிறது. எனக்கு ஞாபகம் வருவது வர்க்கமூலம்.

பள்ளிக்குப் பின்னால், அரசலாறு போகும் பக்கம், வயல் இருந்ததே (இப்போது கல்யாண மண்டபம்), ஒரு நாள் அங்கே எங்களைக் கூட்டிப் போனார். "ரெண்டு மா நிலம், சதுரம். ஒரு பக்கம் எத்தனை அடி?" நம் பக்கத்துக் கணக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. ஆக இரண்டு மா 28,800 சதுர அடி. அதற்கு வர்க்கமூலம் காண வேண்டும். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து வகுக்கும் புத்தக முறைக்கு நாங்கள் தயாரானோம். அவர், "வாய்க்கு வந்ததைச் சொல்லு" என்றார். நான் 150 என்றேன்.

28,800ஐ 150ஆல் வகுத்தால் 192. ஒரு பக்கம் 150 என்றால் மறுபக்கம் 192 ஆகிவிடும், சதுரம் இல்லை. உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சரி, இரண்டையும் கூட்டிப் பாதி: 171. மறுபடி வகுத்தால் 168.42. கூட்டிப் பாதி: 169.71. மூன்றாவது சுற்றில் 169.7056. அதற்குமேல் நான்கு தசமம் வரை அசையவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் வேண்டுமென்றே 300 என்றான். சார் கோபித்துக்கொள்ளவில்லை, அதையும் போடச் சொன்னார். 198, 171.73, 169.72. எங்கிருந்து கிளம்பினாலும் அதே வரப்புக்குத்தான் வந்து சேர்ந்தது. குருட்டுக் கணக்குக்குத் தண்டனை ஒரு சுற்று கூடுதல், அவ்வளவுதான். முதல் விடை தப்பாக இருந்தால் பிரம்படி கிடைத்த காலத்தில் இது எங்களுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். அலெக்சாந்திரியாவின் ஹெரான் என்ற பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் கிட்டத்தட்ட 2,000 ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த முறை இது என்று பின்னால்தான் தெரிந்தது. சார் அதைச் சொல்லவில்லை.

எங்கே நிறுத்துவது? அதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. அளக்கக் கொண்டுவந்த கயிற்றை வாய்க்காலில் நனைத்து இரண்டு பேரை இழுக்கச் சொன்னார். அந்தக் கயிறு காய்ந்தால் ஒரு நீளம், நனைந்தால் ஒரு நீளம். அதை வைத்துக்கொண்டு அடிக்கு நான்கு தசமம் எதற்கு?

சுவாமிமலையிலிருந்து சைக்கிளில் வந்த நண்பன் ஸ்தபதி வீட்டுப் பிள்ளை. அவன் அப்பாவின் பட்டறையில் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு வைப்பார்கள். அப்பா மெழுகில் சிலையின் விரலைப் பிடிப்பார், ஓலையை வைத்துப் பார்ப்பார், சூட்டுக் கத்தியால் இழைப்பார், மறுபடி ஓலை. ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க ஒரே கையைத்தான் செய்துகொண்டிருந்தார். காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றிவிட்டால் முடிந்தது. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அப்புறம் அரம், உளி வேலை உண்டு, ஆனால் விரல் குட்டையாக இருந்தால் குட்டைதான். அதனால் திருத்தமெல்லாம் மெழுகிலேயே.

கல்லூரியில் கட்டடவியல் படித்தபோது பாடத்தில் ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வந்தார். பல தாங்கிகள் மேல் போகும் உத்தரத்தில் எங்கே எவ்வளவு வளைவு விசை என்பதற்கு, பெரிய சமன்பாடுகளைத் தீர்க்காமல், முதலில் மூட்டுகளைப் பூட்டிவைத்து, பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்து, மிச்சத்தைப் பக்கத்து மூட்டுக்குத் தள்ளும் முறை. 1930இல் வெளியிட்டார். 1936இல் அதே புத்தியைக் குடிநீர்க் குழாய் வலைக்குக் கொண்டுவந்தார். படித்தபோது எனக்கு மடைதான் தெரிந்தது. மேல் வயல் மடையைத் திறந்தால் கீழ் வயலில் குறையும், அதைச் சரிசெய்தால் பக்கத்துக்காரன் மண்வெட்டியோடு வருவான். இரவெல்லாம் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்துதான் அப்பா தண்ணீர் பாய்ச்சுவார். காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை 1823இல் ஒரு கடிதத்தில் இப்படியொரு முறையைச் சொல்லி, இதை அரைத்தூக்கத்தில்கூடச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறார். அப்பா அதை வரப்பில் செய்து காட்டினார், சில நாள் வழுக்கியும் விழுந்தார்.

வெளிநாடு வந்து குழாய் வலை வடிவமைப்பில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, ஒரு கணிப்பு முடியவே மாட்டேன் என்றது. 40 சுற்றில் விடை வரவில்லை, 400 கொடுத்தேன். அதிலும் வரவில்லை. இரண்டு நாள் மென்பொருளைத் திட்டினேன். மூன்றாம் நாள்தான் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக அச்செடுத்துத் தரையில் பரப்பினேன். ஒரு பம்புக்குப் பக்கத்தில் இருந்த ஒருவழி வால்வு ஒரு சுற்றில் திறந்தது, அடுத்ததில் மூடியது, மறுபடி திறந்தது. மேல்நிலைத் தொட்டியின் உயரத்தில் இரண்டு இலக்கங்களை நான் இடம் மாற்றித் தட்டியிருந்தேன். தண்ணீரை அங்கே ஏற்றவும் முடியாமல் விடவும் முடியாமல் பம்பு தள்ளாடியிருக்கிறது. கடைசி வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

இப்போது என்னிடம் வேலை பார்க்கும் இளைஞர்களை எல்லாச் சுற்றையும் எடுத்து வைக்கச் சொல்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்களோ தெரியாது.

முழுஆண்டுத் தேர்வு முடிந்த அன்று சார் பாட்டிலை மேசைமேல் கவிழ்த்து, "அவனவன் ரப்பரை எடுத்துக்கங்கடா" என்றார். என்னுடையது கிடைக்கவில்லை. யாருடையதோ ஒரு பச்சை ரப்பர் கடைசியில் மிஞ்சியது, அதை எடுத்துக்கொண்டேன். உங்களில் யாருடையதாவது என்றால் சொல்லுங்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.