சம்பந்தி வீட்டு வம்சாவளி: யூதச் சொற்களோடு பழகிய அனுபவம்

என் மகளைக் கொடுத்திருக்கும் இடம் ஒரு யூதக் குடும்பம். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா, இன்று உக்ரைனில் இருக்கும் கொலோமியா என்ற ஊரிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலேறியவர். அதற்கு முந்தைய கதை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பேத்தி பிறந்ததும் இரண்டு பக்கத்து வம்சத்தையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துக்குக் கேட்டால் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் கிடைத்தது ஒரு அட்டைப்பெட்டிப் புகைப்படங்கள், கொஞ்சம் காகிதங்கள், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக் கல். அவற்றில் இருந்த சொற்களைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதை எழுதுகிறேன். குடும்பத்தாரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் கல். மாப்பிள்ளையிடம் மதிய வெயில் சாய்ந்த பிறகு பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கச் சொன்னேன். தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் படிக்க முடியும். கல்லின் மேல் சாக்பீஸ், ஷேவிங் கிரீம் எதையும் தடவக் கூடாது, கல் கெட்டுவிடும்.

உச்சியில் பே, நூன் என்று இரண்டு ஹீப்ரு எழுத்துகள்: 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்' என்பதன் சுருக்கம். அடியில் ஐந்தெழுத்துச் சுருக்கம் ஒன்று: 'இவருடைய ஆன்மா வாழ்வின் முடிச்சில் கட்டப்பட்டிருக்கட்டும்' என்ற வேண்டுதல், பைபிளின் சாமுவேல் நூலிலிருந்து வருவது. இந்த இரண்டும் பெரும்பாலான கற்களில் இருக்கும். நமக்கு வேண்டியது நடுவில்: 'யெஹூதா லெய்ப் பென் ரெப் மோஷே ஹலேவி'.

'பென்' என்றால் மகன், பெண்ணாக இருந்தால் 'பத்'. ஆக ஒரே வரியில் ஒரு தலைமுறை மேலே போய்விட்டோம். அப்பா பெயர் மோஷே என்பது அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. 'ரெப்' என்பதைப் பார்த்துவிட்டு ரபி, அதாவது யூத மதகுரு, பரம்பரை என்று நினைத்துவிடக் கூடாது. அது திரு போடுவது போன்ற மரியாதைச் சொல், ரபி என்பதற்கு எழுத்தே வேறு மாதிரி வரும். 'ஹலேவி' என்றால் பழைய ஆலயப் பணியாளர்களான லேவி குலத்தின் வழியில் வந்தவர். அதனால்தான் கல்லின் மேல் ஒரு நீர்க்குடுவை செதுக்கியிருக்கிறது, ஆசாரியர்களின் கையைக் கழுவ நீர் வார்ப்பது லேவியரின் பணி. கோஹென் எனப்படும் ஆசாரியர் வழியினருக்கு ஆசி கூறும் இரண்டு கைகள் இருக்கும். குடும்பப் பெயரில் லேவி என்ற சொல்லே இல்லாவிட்டாலும் இந்த வழி அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது. பின்னால் ஒரே பெயரில் இரண்டு மோஷே கிடைத்தபோது, லேவி அல்லாதவரை ஒதுக்க இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

தேதிதான் என்னை நிறைய நேரம் உட்கார வைத்தது. ஹீப்ருவில் எழுத்துகளே எண்கள். கல்லில் இருந்தது 12 கிஸ்லேவ், ஆண்டு தாவ், ரேஷ், பே, தாலெத். 400, 200, 80, 4, கூட்டினால் 684. ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம், முழு ஆண்டு 5684. மூன்று இலக்க எண்ணோடு 1240 சேர்த்தால் நம் ஆண்டு வரும்: 1924. ஆனால் யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. கிஸ்லேவ் ஜனவரிக்கு முன்னால் வரும் மாதம், அதனால் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆக 1923 நவம்பர். இன்னொன்று, தாலெத்தும் ரேஷும் தேய்ந்த கல்லில் அச்சாக ஒன்று போலவே தெரியும். ஒன்றின் மதிப்பு 4, மற்றதன் மதிப்பு 200. மூலையின் கூர்மையைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

12 கிஸ்லேவ் அந்த வருடம் நவம்பர் 20-இல் வருகிறது. நகராட்சியின் இறப்புச் சான்றிதழில் நவம்பர் 19. இரண்டுமே சரி. யூத நாள் சூரியன் அஸ்தமித்ததும் தொடங்கிவிடும், அவர் இறந்தது இரவு. சம்பந்தி அம்மா இப்போது அவருடைய யார்ட்ஸைட் அன்று, அதாவது இறந்த திதியன்று, விளக்கேற்றுகிறார்.

பெயர்களுக்கு வருகிறேன். யெஹூதா என்பது தொழுகையில் அழைக்கும் புனிதப் பெயர். லெய்ப் என்பது வீட்டில் வழங்கும் பெயர், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் இருப்பது, பொருள் சிங்கம். ஆதியாகமத்தில் யாக்கோபு தன் மகன் யூதாவைச் சிங்கக்குட்டி என்கிறார், அதனால் இரண்டும் ஜோடியாகவே ஓடும். நப்தாலியோடு மானைக் குறிக்கும் ஹிர்ஷ் சேர்வதும் இப்படித்தான். இந்த ஜோடிகளைத் தெரிந்துகொண்டதும், கப்பல் பட்டியலில் இருந்த லெய்ப், கல்லில் இருந்த யெஹூதா, அமெரிக்கக் குடியுரிமைத் தாளில் இருந்த லூயிஸ் மூவரும் ஒரே ஆள் என்று நிம்மதியாகச் சேர்த்து எழுதினேன். குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள், இந்த வீட்டிலும் சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதி வந்த பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் வந்தவர்களே பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

அஷ்கெனாஸி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்கள் உயிரோடு இருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. லெய்ப்பின் மகன்களில் 1907-இல் பிறந்தவருக்கு வேறு பெயர், 1911-இல் பிறந்தவருக்கு மோஷே. தாத்தா மோஷே அந்த நான்கு வருடத்துக்குள் போயிருக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

கொலோமியா முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்தது. அந்தப் பகுதிப் பதிவேடுகளுக்கு கெஷர் கலீசியா என்ற அமைப்பின் தேடுதளம் பெரிய உதவி. அங்கே கிடைத்த பிறப்புப் பதிவில் லெய்ப்பின் பெயருக்கு நேரே 'உன்எஹெலிஷ்' என்ற ஜெர்மன் சொல். முறையான திருமணத்தில் பிறக்காதவர் என்று பொருள். இந்தத் தாளைப் பற்றிச் சம்பந்தி அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது, வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்களாம்.

உண்மை வேறு. அவர்களுக்குத் திருமணம் ரபி முன்னிலையில் முறைப்படி நடந்திருந்தது. ஆனால் அரசிடம் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் ஆஸ்திரியச் சட்டம் அதைத் திருமணமாகவே ஏற்காது. அனுமதி, கட்டணம், அலைச்சல் எல்லாம் சேர்ந்து கலீசியாவில் ஏராளமான யூதத் தம்பதிகள் பதிவு செய்யாமலே வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கு அம்மாவின் குடும்பப் பெயர் போய்ச் சேர்ந்தது. 'ரெக்தே', 'வெல்' என்ற லத்தீன் சொற்கள் பெயர்களுக்கு நடுவில் நிற்பதும் இதனால்தான். 'ரெக்தே' என்றால் சரியாகச் சொன்னால், 'வெல்' என்றால் அல்லது. இரண்டு குடும்பப் பெயர்களில் ஒன்று அப்பாவுடையது, மற்றது அம்மாவுடையது. தேடுகிறவருக்கு இது இரட்டிப்பு லாபம். சம்பந்தி அம்மாவுக்கு ஃபோனில் நிதானமாக விளக்கினேன். கேட்டுவிட்டு, தன் அக்காவுக்கும் இதைச் சொல்ல வேண்டும், எழுதி அனுப்புங்கள் என்றார். அன்று இரவே எழுதி அனுப்பினேன்.

பெட்டியில் ஒரு புகைப்படத்தின் பின்னால் இத்திஷில் ஒரு குறிப்பு. வயதான ஒருவர் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பெயருக்குப் பிறகு 'மெஹுத்தன்' என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றைச் சொல் கிடையாது, அதனால் முன்பு யாரோ பக்கத்தில் 'உறவினர்' என்று எழுதி விட்டுவிட்டார்கள். அகராதியில் பார்த்தேன்: மகன் அல்லது மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெரியவர். சம்பந்தியேதான். பெண்ணாக இருந்தால் 'மெஹுத்தெனெஸ்தெ', இரு வீட்டாரையும் சேர்த்துச் சொன்னால் 'மெஹுத்தோனிம்'. அப்படியானால் படத்தில் இருப்பவர் லெய்ப்பின் மனைவியுடைய அப்பா இல்லை, படத்தை வாங்கி வைத்தவர் லெய்ப்தான் என்பதால் அவருடைய மருமகளுக்கோ மருமகனுக்கோ அப்பா. இதுவரை ஒரு தலைமுறை தள்ளித் தேடப்பட்டிருக்கிறார். சம்பந்தி அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னதிலிருந்து அவர் என்னை மெஹுத்தெனெஸ்தெ என்றுதான் கூப்பிடுகிறார்.

அடுத்து லெய்ப்பின் மனைவி வழி. அவருடைய கல்லிலும் அப்பா பெயர்தான் இருக்கிறது, அம்மா பெயர் இல்லை. கலீசியப் பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் அம்மாவுக்கு என்று இருக்கும் கட்டத்தில் அவருடைய பெற்றோர் பெயரும் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆகவே அவருடைய பிள்ளைகளில் கொலோமியாவிலேயே பிறந்த மூத்தவரின் பதிவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். லெய்ப் அடக்கமான பகுதியை வாங்கியது லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் எனப்படும் ஊர்ச்சங்கம், அந்த வாசல் தூணில் சங்கத்து ஆட்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. மாப்பிள்ளை இந்த மாதம் போய்த் தூணின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.